காலப்பயணம்: பாடசாலைக் கண்காட்சியில் உண்மையாக எதைக் காட்டலாம்?

களுவாஞ்சிப்பெடியன்:
உயர்தரம், கணிதப் பிரிவு. விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கட குழுவுக்கு விழுந்த தலைப்பு "காலப்பயணம் சாத்தியமா". படம் வெட்டி ஒட்டி, ஐன்ஸ்ரைன் சொன்னார் எண்டு முடிக்க விருப்பமில்லை. 1996இல அரசாங்கம் நேரத்தை மாத்தினபோது புலிகளிட்ட இருந்த படுவான்கரையில (மட்டக்களப்பு வாவியின்ர மேற்குக் கரை) பழைய நேரம்தான் இருந்ததாம். தோணியில ஆத்தைக் கடந்தா அரை மணித்தியாலம் பின்னுக்கு. இது காலப்பயணம் இல்லை எண்டு விளங்குது, ஆனா ஏன் இல்லை எண்டு பாக்க வாற ஆக்களுக்கு எப்படிச் சொல்றது? நேரம் எண்டா உண்மையில என்ன? கண்ணால காணக்கூடியதா ஏதும் செய்துகாட்ட ஏலுமா?

சீசியம்133:
தம்பி, அந்த ஆற்றையே முதல் பலகையில் போடுங்கள், அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 1996 மே மாதம் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைந்தது, 2006 ஏப்ரலில் பழையபடி கிறீனிச்சுக்கு 5:30 முன்னால் வந்து நின்றது. மாறியது நேரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மட்டும்தான். இந்த 5:30கூட 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. மட்டக்களப்பு சுமார் 81.7 பாகையில் இருப்பதால் சராசரியாகச் சூரியன் எங்கள் மணிக்கூட்டுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடப் பிந்தி உச்சிக்கு வரும்.

சோதிக்கும் முறை ஒன்றுதான். ஒரே மாதிரியான இரண்டு மணிக்கூடுகளை எடுங்கள். ஒன்று கரையில் இருக்கட்டும், மற்றது தோணியில் போய்த் திரும்பட்டும். முள்ளை யாரும் திருப்பக்கூடாது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோணிப் பயணத்தில் இந்த மணிக்கூடுகளால் பிடிக்கக்கூடிய வித்தியாசம் வராது. 1971இல் ஹாஃபெலே, கீற்றிங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சீசியம் அணு மணிக்கூடுகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றியபோது வித்தியாசம் வந்தது: கிழக்கே போனவை 59 நனோசெக்கன் (ஒரு நனோசெக்கன் என்பது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கின, மேற்கே போனவை 273 நனோசெக்கன் முந்தின. அதுதான் காலப்பயணம், அளவு சிறிதாக இருந்தாலும்.

நேரம் என்றால் என்ன என்பதற்குப் பௌதிகவியல் தரும் விடை: ஒரு மணிக்கூடு தான் போன பாதை நெடுக எண்ணிய துடிப்புகளின் தொகை. 1967 முதல் ஒரு செக்கன் என்பது சீசியம்-133 அணுவின் கதிர்வீச்சில் 9,192,631,770 அலைவுகள். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைப் பக்கத்தால் போன வானும் மகியங்கனைப் பக்கத்தால் போன வானும் கொழும்பில் ஒரே இடத்தில் நிற்கலாம், ஆனால் ஓடிய கிலோமீற்றர் வேறு. காலமும் அப்படித்தான் பாதையைப் பொறுத்தது. ஒரு முக்கியமான வேறுபாட்டை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: ரோட்டில் வளைந்து போனவருக்குத் தூரம் கூடும். இடமும் காலமும் சேர்ந்த காலவெளியில் வளைந்து போய்த் திரும்புபவருக்குக் காலம் குறையும்.

உயரமும் சேரும். பிதுருதலாகலை உச்சியில் (2,524 மீற்றர்) வைத்த மணிக்கூடு கல்லடிக் கடற்கரையில் உள்ளதைவிட நாளுக்குச் சுமார் 24 நனோசெக்கன் முந்தும். ஈர்ப்பு ஆர்முடுகலை உயரத்தால் பெருக்கி, ஒளிக்கதியின் வர்க்கத்தால் வகுத்து, 86,400ஆல் பெருக்குங்கள், வரும். ஜீபீஎஸ் செய்மதியில் கதியால் 7 மைக்ரோசெக்கன் குறையும், உயரத்தால் 45 கூடும், மிச்சம் நாளுக்கு 38. திருத்தாமல் விட்டால் தூர அளவில் ஒரு நாளைக்கு 11 கிலோமீற்றர் பிழை. 

முகிலறை:
கண்ணால் காண்பதற்கு முகில் அறை செய்யுங்கள்: துணிக்கைகள் போகும் பாதையைக் குளிர்ந்த ஆவியில் கீறாகக் காட்டும் பெட்டி அது. வளிமண்டலத்தில் சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில் உண்டாகும் மியூவோனின் (இலத்திரனைப் போன்ற, ஆனால் அதைவிடப் பாரமான துணிக்கை) சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். காலம் எல்லாருக்கும் ஒன்றென்றால் அது சராசரியாக ஏறத்தாழ 660 மீற்றரிலேயே அழிந்துவிட வேண்டும். தரைக்கு வருவது கோடியில் ஒன்றுகூட இராது. ஆனால் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் வந்துகொண்டே இருக்கிறது. அதன் மணிக்கூடு எங்களுடையதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடுவதுதான் காரணம்.

உலர் பனிக்கட்டிக்கு அலைய வேண்டாம். 12706 இலக்கப் பெல்ரியர் தகடு (மின் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்) இரண்டு, பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளை ஒன்று. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் வெப்பப் பசையை மெல்லியதாகப் பூசி வையுங்கள். கீழ்த்தகட்டுக்கு 12 வோல்ற், மேல்தகட்டுக்கு 5 வோல்ற். இரண்டுக்கும் 12 கொடுத்தால் மேலது தள்ளும் வெப்பத்தைக் கீழதால் இழுக்க முடியாமல் எல்லாமே சூடாகும். மேலே கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டிய சிறிய அலுமினியத் தகடு. அடியில் தண்ணீர் ஓடும் அலுமினியக் கட்டி: மீன்தொட்டிப் பம்பை ஐஸ் போட்ட வாளிக்குள் இறக்கித் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். எங்கள் ஊர் வெக்கையில் காற்றாடி மட்டும் போதாது. மேல்தகடு சுமார் மறை 25 பாகைக்கு (-25 °C) கீழே போக வேண்டும். குளிர்விக்கும் கட்டி இல்லாமல் மின் கொடுக்கவே வேண்டாம், சிறிது நேரத்திலேயே தகடு கருகும்.

மேலே கவிழ்க்க ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் உட்கூரையில் தடித்த கம்பளித் துணிப்பட்டை ஒட்டி, ஐசோபுரொப்பைல் அற்ககோல் 15 மில்லிலீற்றர் ஊறவிடுங்கள். போன் திருத்தும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 99 வீதம் இருக்க வேண்டும். பாமசியில் விற்கும் 70 வீதத்தில் தண்ணீர் கூட, அது தகட்டில் உறைந்து வெள்ளைப் படலமாகும். பெட்டியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, பக்கவாட்டில் தாழ்வாக ரோச் அடித்து, 15 நிமிடம் பொறுங்கள்.

மழைபோல் தூறல் மட்டும் தெரிந்தால் எங்கோ காற்று புகுகிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் குளிர் போதாது. அற்ககோல் ஆவி தீப்பற்றும், ஆகவே திறப்பு விழாக் குத்துவிளக்கு இந்த மேசைக்குக் கிட்ட வரக்கூடாது.

நாழிகை:
பின்னோக்கிப் போவதைப் பற்றியும் ஒரு பலகை வையுங்கள், பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். சமன்பாடுகளில் வழி இருக்கிறது. கணிதவியலாளர் கோடெல் 1949இல் சுழலும் பிரபஞ்சம் ஒன்றில் கடந்த காலத்துக்கு மடங்கும் பாதையைக் காட்டினார், ஆனால் எங்கள் பிரபஞ்சம் அப்படிச் சுழலவில்லை. 1988இல் மொறிஸ், தோர்ன், யூர்ட்செவர் ஆகியோர் புழுத்துளையால் (காலவெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) செய்யும் முறையை எழுதினர். துளை மூடாமலிருக்க மறைச் சக்தி (பூச்சியத்துக்கும் கீழான சக்தி) தேவை. அந்த இயல்பு மிக நெருக்கமான இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையில், கசிமிர் விளைவு என்ற பெயரில், மிகச் சிறிதாகத் தென்படுகிறது, ஆனால் ஆள் நுழையும் துளைக்குத் தேவையான அளவைத் திரட்ட ஒரு வழியும் இல்லை. அப்படியொரு இயந்திரம் உருவாகும் கணத்திலேயே வெற்றிடச் சக்தி பெருகி அதை அழித்துவிடும் என்பது ஹோக்கிங் 1992இல் முன்வைத்த ஊகம். ஊகம் என்றே எழுதுங்கள், நிறுவப்பட்டதல்ல.

முன்னோக்கிப் போகத் தடை செலவு மட்டும்தான். ஒளிக்கதியின் 99 வீதத்தில் போனால் காலம் ஏழில் ஒன்றாகும். ஆனால் ஒரு கிலோவை அந்தக் கதிக்குக் கொண்டுபோக இலங்கை முழுவதும் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு உற்பத்தியாகும் மின்சாரம் வேண்டும்.

சீசியம்133 அண்ணன் தொடாத ஒன்று, காலத்தின் திசை. எருமைப்பால் தயிராகும், தயிர் பாலாவதில்லை. மூலக்கூறுகளின் இயக்கச் சமன்பாடுகளோ இரு திசையிலும் ஓடும். திசை வருவது எந்திரப்பியால் (கலைவின் அளவு): கலைந்த நிலைகளின் எண்ணிக்கை ஒழுங்கான நிலைகளைவிட மிகப் பெரியது. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் ஏன் அவ்வளவு ஒழுங்கில் தொடங்கியது என்பதற்கு இன்னும் விடை இல்லை. எனக்கு இந்தத் தலைப்பில் புழுத்துளையைவிடப் பெரிய கேள்வி அதுதான்.

களுவாஞ்சிப்பெடியன்:
நன்றி அண்ணன்மாரே. முகில் அறையில தெரியிற கீறு எல்லாம் மியூவோன்தானா?

முகிலறை:
இல்லை. தடித்துக் குட்டையாக இருப்பது அல்பா, பெரும்பாலும் காற்றிலுள்ள ரேடனால். நெளிந்து வளைந்தது இலத்திரன். மெல்லியதாய் நேராய்ப் போவதுதான் மியூவோனாக இருக்கலாம். அனேகமானவை மேலிருந்து செங்குத்தாக வருவதாலும், ஆவிப்படலம் சில மில்லிமீற்றர்தான் என்பதாலும் குட்டைக் கீறாகவே தெரியும், நீளமாகப் படுத்துப் போவது அரிது. 4 சென்ரிமீற்றர்ப் பெல்ரியருக்கு மேலால் நிமிடத்துக்குச் சுமார் 16 கடக்கும், கண்ணுக்குப் படுவது அதைவிடக் குறைவு. பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணும் அட்டை ஒன்று வைத்து, பார்க்க வருகிறவர்களையே ஐந்து நிமிடத்துக்கு எண்ணச் சொல்லுங்கள்.