மந்திரவாதி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார், ஃபைட்டர் பகடை அடுக்கிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?

ஒற்றைப்பகடை:

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப்புத்தகம். நான்கு பேர், எல்லாரும் ஒன்பதாம் லெவல்: மந்திரவாதி, ஃபைட்டர் (போர்வீரர்), கிளெரிக் (பூசாரி), ரோக் (திருடர்). டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர், நான். முதல் லெவலிலிருந்தே ஓடுகிற கதை. ஐந்தாம் லெவல் வரைக்கும் எந்தத் தொல்லையும் இல்லை, சொல்லப்போனால் அப்போதெல்லாம் ஃபைட்டர்தான் ராஜா, மந்திரவாதி அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். இப்போது எல்லாம் தலைகீழ்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோட்டைக்குள் போக வேண்டும். ஃபைட்டர் ஆடுகிறவர் அதற்கு முந்தைய வாரமே திட்டம் போட்டுவிட்டார்: இரவில் வாசல் காவலர்களை வம்புக்கு இழுப்பது, கதவு திறந்ததும் தான் நடுவில் நின்று மூடவிடாமல் பார்த்துக்கொள்வது, அந்த நேரத்தில் மற்றவர்கள் உள்ளே ஓடுவது. நல்ல திட்டம், அதற்காகவே நானும் வாசலை மேப்பில் பெரிதாக வரைந்து வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மந்திரவாதி ‘டைமென்ஷன் டோர்’ என்கிற இடம் தாவும் ஸ்பெல்லைப் (மந்திரத்தை) போட்டு, ரோக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். 500 அடி வரை போகலாம், பகடை உருட்ட வேண்டியதே இல்லை. ரோக் பின்கதவைத் திறந்துவிட்டார். அப்புறம் மந்திரவாதி கோட்டைத் தலைவனையும் அவனுடைய இரண்டு மெய்க்காவலர்களையும் ‘வால் ஆஃப் ஃபோர்ஸ்’ என்கிற மந்திரக் குமிழுக்குள் அடைத்தார். அதற்கு சேவ், அதாவது பகடை உருட்டித் தப்பிக்கிற வாய்ப்பு, கிடையாது. வெளியே நின்ற நாலு அடியாட்களை முடித்துவிட்டு, குமிழைச் சுற்றி எல்லாரும் ஆயுதத்தோடு நின்றுகொண்டு குமிழை எடுத்தார்கள். ஒன்றரை ரவுண்டு, அதாவது ஆளுக்கு ஒன்றிரண்டு முறை, அவ்வளவில் முடிந்தது. நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தயார் செய்த தலைவன் அவன்.

ஃபைட்டர்காரர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார், அவர் முறை வந்தபோது இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

மந்திரவாதி ஆடுகிறவர்மேல் தப்பில்லை, விதியில் இருப்பதைத்தான் செய்கிறார். இந்த இரண்டு ஸ்பெல்லையும் தடை செய்துவிடலாமா, அல்லது ஃபைட்டருக்கு ஒரு பெரிய மந்திர வாளாகக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்சுற்று:

தடையும் வாளும் இருக்கட்டும், முதலில் ஒன்று சொல்லுங்கள். ஒரு லாங் ரெஸ்டுக்கும் (சக்தியெல்லாம் திரும்பி வரும் எட்டு மணி நேர ஓய்வு) அடுத்த லாங் ரெஸ்டுக்கும் நடுவில் எத்தனை சண்டை வைக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், 2014 டிஎம் புத்தகம் ஒரு நாளைக்கு நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறிலிருந்து எட்டு வரை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்குப் போட்டு எழுதப்பட்டது. ஒன்பதாம் லெவல் மந்திரவாதிக்கு, ஸ்பெல் லெவல் ஒன்றிலிருந்து ஐந்து வரை, 4, 3, 3, 3, 1 என்று மொத்தம் 14 ஸ்லாட் (ஒரு ஸ்பெல் போட ஒரு ஸ்லாட் செலவாகும்), அதற்கு மேல் ஆர்கேன் ரெகவரி என்கிற திறனால் ஐந்து லெவல் அளவுக்கு ஸ்லாட் திரும்பி வரும். இரண்டு சண்டை, ஒவ்வொன்றும் நாலு ரவுண்டு என்றால் எட்டு முறைதான் வருகிறது, ஒவ்வொரு முறையும் பெரிய ஸ்பெல் போட்டாலும் மிச்சம் இருக்கும். ஆறு சண்டை என்றால் இருபத்துநாலு முறை. அப்போது பல முறை கேன்ட்ரிப்தான், அதாவது ஸ்லாட் கேட்காத சின்ன மந்திரம். வாளுக்கு இந்தக் கணக்கே கிடையாது, நாள் முழுக்க வீசலாம். ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரே முறையில் இன்னொரு தடவை செயல்பட) செகண்ட் விண்டும் (கொஞ்சம் உயிரை மீட்க) ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பி வந்துவிடும். நீங்கள் ஷார்ட் ரெஸ்டே கொடுக்காமல் நேராக இரவுத் தூக்கத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஃபைட்டரின் கையிலிருந்து பிடுங்கி மந்திரவாதியிடம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, 24 மணி நேரத்தில் ஒரே ஒரு லாங் ரெஸ்டின் பலன்தான் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு எழுந்து ஒன்பது மணிக்கு எல்லா ஸ்லாட்டையும் கொட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ள முடியாது. பாதி டேபிள்களில் இந்த விதியை யாரும் பார்ப்பதே இல்லை.

ஒற்றைப்பகடை:

ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. 24 மணி நேர விதி எனக்கே இப்போதுதான் தெரியும், வெட்கமாக இருக்கிறது. ஆனால் ரெஸ்டைத் தடுக்க நினைத்தாலும் முடியவில்லை, மந்திரவாதியிடம் ‘டைனி ஹட்’ என்கிற மந்திரக் குடிசை இருக்கிறது. ரிச்சுவலாக, அதாவது நிதானமாகச் சடங்கு முறையில், போட்டால் ஸ்லாட் செலவே இல்லை, எட்டு மணி நேரம் நிற்கும், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. குகை நடுவில், கோட்டை நடுவில், எங்கே வேண்டுமானாலும் குடிசை போட்டுத் தூங்குகிறார்கள்.

நாலாம்சுற்று:

எதிரிகள் என்ன, குடிசையைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்களா? உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் இருக்கிறது. சுற்றிலும் தடுப்பு அடிக்கலாம், ஆள் சேர்க்கலாம், பணயக்கைதியை வேறு இடத்துக்கு மாற்றலாம், பெட்டியைக் காலி செய்துகொண்டு ஓடிப்போகலாம். ஒரு மந்திரம் தெரிந்த எதிரி ‘டிஸ்பெல் மேஜிக்’ (மந்திரத்தைக் கலைக்கும் ஸ்பெல்) போட்டால் குடிசை போச்சு. ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யாதீர்கள், அது பழிவாங்குவதுபோல் தெரியும். ரெண்டு தடவை செய்தால் போதும், அதற்கப்புறம் அவர்களே படுப்பதற்கு முன் யோசிப்பார்கள்.

கேடயக்காரன்:

நான் பத்து வருஷமாக ஃபைட்டர் மட்டுமே ஆடுகிறவன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு சண்டை கணக்கு காகிதத்தில் சரி. நிஜத்தில் ஒரு சண்டைக்கே முக்கால் மணி நேரம் போகிறது, ஆறு சண்டை என்றால் கதையில் ஒரு நாள் முடிய எங்களுக்கு மூன்று வாரம் ஆகும். பாதி சண்டை ஸ்லாட்டைக் கரைப்பதற்காக மட்டும் வைத்த சண்டையாக இருக்கும், அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, இவர் எழுதியதை மறுபடியும் படியுங்கள். ஃபைட்டர்காரர் மனம் விட்டுப்போன இடம் சண்டையில் இல்லை, வாசலில். அவர் போட்ட திட்டம் ஒரே வரியில் குப்பைக்குப் போனது. டேமேஜ் எண்ணிக்கையில் ஃபைட்டர் ஒன்றும் குறைந்தவரில்லை, ஆக்‌ஷன் சர்ஜ் போட்டு ஒரே எதிரியை நாலு தடவை அடித்தால் அந்த ரவுண்டில் மந்திரவாதி பக்கத்தில் வர முடியாது.

எங்கள் வலி என்னவென்றால், மந்திரவாதி “நான் மதிலைத் தாண்டுகிறேன்” என்று சொல்கிறார், தாண்டிவிடுகிறார். நான் “மதிலில் ஏறலாமா?” என்று கேட்கிறேன். டிஎம் உருட்டச் சொல்கிறார். நாலு விழுகிறது. கீழே விழுகிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். பத்து வருஷமாக ராட்சசர்களோடு மல்லுக்கட்டிய ஒருவன், ஈரச் சுவரில் வழுக்கி விழுகிற கோமாளி ஆகிவிடுகிறான்! விதிப்புத்தகத்தில் மந்திரவாதிக்கு நூறு பக்கம் ‘இது நடக்கும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு ‘டிஎம்மிடம் கேட்டுப்பார்’ என்பதுதான்.

அதனால் நான் சொல்வது இதுதான். ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் ஒரு மரக்கதவை உடைக்கிறேன் என்றால் உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள், பகடையை விடுங்கள். சத்தம் எவ்வளவு, யார் காதில் விழுந்தது என்பதற்கு வேண்டுமானால் உருட்டுங்கள். படைவீரர்கள் இவரைப் பார்த்தால் அடையாளம் தெரிந்து சல்யூட் அடிக்கட்டும், கூலிப்படைத் தலைவன் மந்திரவாதியை விட்டுவிட்டு இவரிடம் பேசட்டும். 2024 திருத்தப் பதிப்பில் ஃபைட்டருக்கு டாக்டிகல் மைண்ட் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: தோற்றுப்போன எபிலிட்டி செக்கில் (ஒரு செயல் முடியுமா என்று பார்க்கிற பகடை உருட்டலில்) செகண்ட் விண்ட் ஒன்றைச் செலவழித்து ஒரு பத்துப்பக்கப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம், அப்படியும் தோற்றால் செகண்ட் விண்ட் செலவாகாது. உங்கள் 2014 ஆட்டத்துக்குள் அதை அப்படியே தூக்கி வையுங்கள், ஒன்றும் உடையாது.

அப்புறம் ஸ்பெல் விவரத்தை முழுசாகப் படியுங்கள். ‘நாக்’ போட்டால் பூட்டு திறக்கும், ஆனால் தட்டுகிற சத்தம் 300 அடிக்குக் கேட்கும். ‘சார்ம் பெர்சன்’ முடிந்ததும் தன்னை மயக்கியது யார் என்று அந்த ஆளுக்குத் தெரியும். ‘ஃப்ளை’க்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும், அதாவது கவனம் சிதறினால் ஸ்பெல் போய்விடும், பறக்கும்போது அம்பு பட்டு சேவ் தோற்றால் விழுவார். எங்கள் டேபிளில் மந்திரவாதிகள் முதல் வரியை மட்டும் படித்துக்காட்டுவார்கள், இரண்டாவது வரியை நான்தான் எடுத்துக்கொடுப்பேன்.

தூசுபடிந்தபுத்தகம்:

ஃபைட்டரா மந்திரவாதியா என்கிற இந்தச் சண்டை, ஆட்டம் வெளிவந்த 1974-இலிருந்து நடக்கிறது. அப்போதெல்லாம் வேறு மாதிரி சமாளித்தார்கள். பழைய அட்வான்ஸ்டு பதிப்பில் முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்பெல், உயிர் ஒரு நாலுபக்கப் பகடை அளவு. ஒன்று விழுந்தால் பூனை பிராண்டினாலே சாவு. ஸ்பெல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அடி பட்டால் அந்த ஸ்பெல்லே போய்விடும், சேவ் எல்லாம் கிடையாது. அதனால் முன்னால் நிற்க ஃபைட்டர் கட்டாயம் வேண்டும். மந்திரவாதிக்கு லெவல் ஏறுவதும் மெதுவாகத்தான், இரண்டாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 2,001 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,501. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்து எல்லாருக்கும் ஒரே அட்டவணை, ஐந்தடி பின்வாங்கி நிம்மதியாக ஸ்பெல் போடலாம் என்று வேலிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டது. வேலி போன பிறகு மாடு மேய்கிறது என்று அழுதால் எப்படி?

பாதிக்குள்ளன்:

ஐயா, அந்த அட்டவணையை முதல் வரியோடு நிறுத்திவிட்டீர்கள். ஏழாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 70,001, மந்திரவாதிக்கு 60,001. இருவரும் 2,00,000 புள்ளி சேர்த்திருந்தால் ஃபைட்டர் எட்டில் இருப்பார், மந்திரவாதி ஒன்பதில். நடுவில் மந்திரவாதிதான் வேகம்! ‘பழைய காலத்தில் மெதுவாக ஏறினார்கள்’ என்பது எல்லாரும் சொல்கிற கதை, புத்தகத்தைத் திறந்தால் பாதிதான் உண்மை.

மற்றபடி, ஆரம்பத்தில் மந்திரவாதி கஷ்டப்படட்டும், கடைசியில் ஃபைட்டர் கஷ்டப்படட்டும், மொத்தத்தில் சமன் என்பது எனக்கு எப்போதுமே விளங்காத நியாயம். ஆறு மாதம் ஒருவர் சும்மா இருந்து, அடுத்த ஆறு மாதம் இன்னொருவர் சும்மா இருப்பதா?

2008-இல் நாலாம் பதிப்பு இதை நேராகவே தீர்த்தது. எல்லாருக்கும் எப்போதும் போடக்கூடிய திறன்கள், சண்டைக்கு ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவை என்று ஒரே அமைப்பு. ஃபைட்டர் குறிவைத்த எதிரி, பக்கத்தில் நின்றுகொண்டு வேறு யாரையாவது அடித்தால் உடனே வெட்டு விழும். முதல் தடவையாக ‘நான் இருக்கும்போது என் ஆள்மேல் கை வைக்க முடியாது’ என்பது விதியாகவே இருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது, அடிக்க வராதீர்கள்.

இன்னொரு வழி, சமன் செய்யவே முயலாமல் இருப்பது. 1987-இல் வந்த ஆர்ஸ் மாஜிகா என்கிற வேறு ஆட்டத்தில் மந்திரவாதிகள்தான் உசத்தி, அதை மறைப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைப் பாத்திரமும் இருக்கும், கூலிவீரர்கள் எல்லாருக்கும் பொது. இந்தக் கதையில் நீ மந்திரவாதி, அடுத்ததில் நான். ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் இதை நுழைக்க முடியாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

உங்களுக்கு உடனே உதவக்கூடியது டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் என்கிற இன்னொரு ஆட்டத்தில் வாரியருக்கு (அங்கே ஃபைட்டர் மாதிரி) இருக்கிற டீட் டை, அதாவது சாகசப் பகடை. அடிக்கும்போது கூடவே ஒரு சின்னப் பகடை உருட்ட வேண்டும், உருட்டுவதற்கு முன்பே என்ன சாகசம் என்று சொல்லிவிட வேண்டும்: காலை வாரி விடுகிறேன், கேடயத்தைப் பிடுங்குகிறேன், படியிலிருந்து உதைத்துத் தள்ளுகிறேன், எதுவானாலும். அடி பட்டு, அந்தப் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் சொன்னது நடக்கும். பட்டியல் கிடையாது, ஆட்டக்காரர் என்ன நினைக்கிறாரோ அது. மேலே கேடயக்காரன் கேட்ட ‘நடந்துவிட்டது’ இதில் கொஞ்சம் கிடைக்கிறது.

கேடயக்காரன்:

இதை வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கே என் டிஎம்முக்கு அனுப்புகிறேன்.

ஒற்றைப்பகடை:

நேற்று ஆடிவிட்டோம், அதனால் வந்து சொல்கிறேன். எதையும் தடை செய்யவில்லை. மந்திரவாதி ஆடுகிறவரிடம் முன்னாடியே பேசினேன், 24 மணி நேர விதியைக் காட்டியதும் “அடடா” என்றார், அவ்வளவுதான், சண்டையெல்லாம் போடவில்லை.

கைதிகளுக்கு விடிந்ததும் தண்டனை என்று கெடு வைத்தேன். அதனால் குடிசைப் பேச்சே எழவில்லை. ஒரு ஷார்ட் ரெஸ்ட் மட்டும் எடுத்தார்கள், இதுவரை நாலு மோதல், இரண்டு சின்னவை, பத்து நிமிடத்தில் முடிந்தன. சுரங்கத்தில் ஒரு இரும்புக் கிராதி விழுந்து வழி அடைபட்டது. மந்திரவாதி ஸ்லாட்டை எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார், ஃபைட்டர்காரர் “தூக்கலாமா?” என்று பழக்கதோஷத்தில் பகடையைக் கையில் எடுத்தார். “தூக்கிவிட்டீர்கள், தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது” என்றேன். பகடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு “எல்லாரும் குனிந்து ஓடுங்கள்” என்று கத்தினார், பக்கத்து அறையிலிருந்து என்ன ஆச்சு என்று எட்டிப்பார்த்தார்கள்.

டீட் டையில் ஒரு தப்பு செய்தேன், ஒவ்வொரு அடிக்கும் கொடுத்துவிட்டேன். ஆக்‌ஷன் சர்ஜோடு ஒரே முறையில் நாலு சாகசம், ஒவ்வொன்றையும் விவரித்து முடிப்பதற்குள் கிளெரிக்குக்குத் தூக்கம் வந்துவிட்டது. இனி ஒரு முறைக்கு ஒன்று.

கடைசிச் சண்டை பாதியில் நிற்கிறது. ஃபைட்டர் படிக்கட்டின் நடுவில், கீழே ஏழு பேர், மந்திரவாதியிடம் மிச்சம் மூன்று ஸ்லாட், அதில் ஒன்றுதான் பெரியது. மேப்பை அப்படியே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.