‘12ஆவது ஆள்’ என்று பனியனில் போடலாமா?

கேள்வி (கோனாப்பட்டு):
எங்கள் கால்பந்து அணிக்காகப் பொட்டலைச் சுற்றி நின்று தொண்டை கட்டக் கத்துகிறவர்களுக்கு ‘12ஆவது ஆள்’ என்று பனியன் அடிக்க ஆசை. அந்தப் பெயர் அமெரிக்காவில் யாருக்கோ சொந்தமாமே?

பதில் (தேவகோட்டை):
உண்மைதான் தம்பி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1990இல் டிரேட்மார்க் வாங்கியது. 1922 ஜனவரி 2, டல்லாஸில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அந்தப் பல்கலைக்கழக வீரர்கள் அடுத்தடுத்து அடிபட, பார்வையாளர் பக்கமிருந்த மாணவர் கிங் கில் இறங்கிவந்து சீருடை மாட்டி, கடைசிவரை ஓரத்தில் தயாராக நின்றார். களமிறங்கவே இல்லை! நின்றாரே, அதுதான் பெரிது. சொல் அதற்கு முன்பே புழங்கியதுதான். 2006இல், அதே சொல்லைப் பயன்படுத்திய சியாட்டில் சீஹாக்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி மீது பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. உரிமக் கட்டணத்தில் சமரசம்.

பதில் (காரைக்குடி):
டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. இங்கே பொருள்களை வகுப்புவாரியாகப் பதிவார்கள்; ஆடைக்கு 25ஆம் வகுப்பு. அதில் யாராவது இந்தப் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று இணையத்தில் தேடிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கோனாப்பட்டு:
சரி அண்ணே, இன்றிரவே தேடுகிறேன். முதல் பனியன், கண்மாய்க்குள் விழும் பந்தை எடுத்துத்தரும் ஐயாவுக்கு.