முதல் நாள் எடுத்த குருதி வடிகட்டும் மென்சவ்வை அடைக்கிறது, என்ன செய்யலாம்?

மட்டக்களப்பில் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். குருதியில் சுற்றும் புற்றுநோய்க் கலங்களை அவற்றின் பருமனை வைத்துப் பிரிக்கப் பார்க்கிறோம். அன்றைக்கே எடுத்த குருதி சிக்கலில்லாமல் வடிகிறது. ஒரு இரவு தாண்டினால் மென்சவ்வு அடைத்துவிடுகிறது. அம்பாறைப் பக்கத்து மாதிரிகள் மறுநாள்தான் வந்து சேரும். அதனால் இதைத் தீர்க்காமல் நோயாளிகளின் குருதியைத் தொடவே முடியாது.

8 மைக்ரோமீற்றர் துளையுள்ள பொலிகார்பனேட் மென்சவ்வு, குருதி உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குழாய், ஆரோக்கியமானவர்களின் குருதி 7.5 மில்லிலீற்றர். அதில் நிறமேற்றிய எம்சிஎஃப்-7 என்ற மார்புப் புற்றுநோய்க் கலங்களைக் கலந்து, எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று நுணுக்குக்காட்டியில் எண்ணுகிறோம். பங்குனியில் தொடங்கிய வேலை. அடைத்த இடத்தில் வெண்கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் கட்டியாக ஒட்டிக்கிடக்கின்றன.

உறிஞ்சும் அழுத்தத்தைக் குறைத்தோம், நேரம்தான் கூடியது. செங்கலங்களை முதலில் உடைத்துப் பார்த்தால், சுழற்றிக் கழுவும்போது தேடுகிற கலங்களே போய்விடுகின்றன. குளிர்சாதனப்பெட்டியில் வைத்தது இன்னும் மோசம். கலங்களை நிலைப்படுத்தும் போமலின் சேர்த்தால் அழகாக வடிகிறது, ஆனால் பிறகு புற்றுநோய்க் கலங்களை அடையாளம் காட்டும் சைற்றோகெரற்றின் புரதத்துக்கான சாயம் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. இதே கலங்களை எண்ணும் வணிக முறையான செல்சேர்ச்சுக்குரிய குழாயில் குருதி அறை வெப்பநிலையில் 96 மணித்தியாலம் தாங்கும், தெரியும். விலை எங்கள் கைக்கு எட்டாது. ஈபிகாம் என்ற கலமேற்பரப்புப் புரதத்தைப் பற்றிக் கலங்களைப் பிடிக்கும் காந்தத் துணிக்கைகளும் அப்படித்தான், போதாததற்கு அந்தப் புரதம் குறைந்த கலங்களை அவை தவறவிடும்.

ஈடிடிஏ குருதியை 24 மணித்தியாலம் வைத்திருந்து வடிகட்டியும் சைற்றோகெரற்றின் சாயம் சரியாகப் பிடித்த யாராவது இருந்தால், எந்த நிலைப்படுத்தியை என்ன செறிவில், எவ்வளவு நேரம் பாவித்தீர்கள்?