மறு: ‘குறைதிறன் தேக்கம்’ சரியா?

வணக்கம். ‘Low-skills equilibrium’ என்ற பொருளியல் சொல்லைத் தமிழில் ‘குறைதிறன் சமநிலை’ என்பதா, வேறு சொல்லா என்ற பேச்சில் நீங்கள் கேட்டது:

> ‘சமநிலை’ நல்ல பொருள் தரும் சொல். இங்கே பேசுவதோ மீள முடியாத நிலை. ‘குறைதிறன் தேக்கம்’ என்று வைத்துவிடலாமே?

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் இந்தக் கருத்தின் உயிரே ‘சமநிலை’யில்தான் இருக்கிறது. ஃபைன்கோல்ட், சாஸ்கிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் பிரிட்டனைப் பற்றி எழுதியபோது சொன்னது இதைத்தான்: அதிகத் திறன் கேட்காத நிறுவனங்களும், கேட்காததால் மேலே கற்காத தொழிலாளர்களும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறார்கள்.

ஒரு தையல் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கிறார். துணி வெட்டக் கற்றுக்கொண்டாலும் அந்த வேலை அங்கே இல்லை, கூலி ஏறாது. முதலாளியோ, வெட்டத் தெரிந்த ஆள் கிடைக்காது என்று ஒரே மாதிரி மலிவுச் சட்டையைத் தாண்டி ஆர்டர் எடுப்பதில்லை. இருவர் கணக்கும் சரி. யார் தனியாக நகர்ந்தாலும் நட்டம் அவருக்குத்தான். பொருளியல் பாடநூல்களில் நாம் படித்த சமநிலையும் இதுவே.

தேக்கம் என்றால் எங்கோ ஓர் அடைப்பு, எடுத்துவிட்டால் ஓடிவிடும் என்று தோன்றும். பயிற்சி மையம் திறந்தால் போதும் என்ற முடிவுக்கு அந்தச் சொல்லே வாசகரைத் தள்ளிவிடும். நிறுவனங்கள் செய்யும் பொருளும் வேலைமுறையும் மாறாவிட்டால், பயின்றவர்கள் வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள்.

‘நச்சு வட்டம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது, ஏழை நாடு ஏழையாக இருப்பதாலேயே ஏழையாக நீடிக்கிறது என்ற பொருளியலாளர் நர்க்சேயின் வறுமைக் கோட்பாட்டுக்கு உரியதாகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

என் தயக்கமெல்லாம் ‘குறைதிறன்’ என்ற முதல் பாதியில்தான். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நடத்தும் உள்ளூர் வேலைவாய்ப்பு ஆய்வுகள் வட்டாரங்களை நான்காகப் பிரிக்கின்றன: திறன் குறைந்த சமநிலை, திறன் மிகுந்த சமநிலை, திறன் பற்றாக்குறை, திறன் உபரி. அந்த அட்டவணையைத் தமிழாக்கி நண்பர் ஒருவரிடம் காட்டினேன். ‘குறைதிறன்’, ‘திறன் பற்றாக்குறை’ இரண்டும் ஒன்றுதானே என்றார். இரண்டும் வேறுவேறு! பற்றாக்குறையில் முதலாளி தேடுகிறார், ஆள் இல்லை. குறைதிறன் சமநிலையிலோ தேடுபவரே இல்லை.

‘தாழ்திறன்’ வேண்டவே வேண்டாம். காற்றழுத்தத்துக்குத் ‘தாழ்வு’ பொருந்தும். மனிதர்மேல் ஏறினால் சுடும்.

ஆகவே ‘சிறுதிறன் சமநிலை’ என்பது என் பரிந்துரை. சிறுதொழில், சிறுசேமிப்பு போல இது அளவை மட்டும் சொல்கிறது, யாரையும் இழிவாக்கவில்லை. எதிர்ச்சொல்லும் தானாக அமைகிறது: பெருந்திறன் சமநிலை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். இது வட்டாரத்துக்கான பெயர். ‘சிறுதிறன் தொழிலாளர்’ என்று ஆளுக்குச் சூட்டக் கூடாது. காலர் முனை சுருங்காமல் திரும்ப எத்தனை ஆண்டுக் கைப்பழக்கம் வேண்டும் என்று தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதுவரை அட்டவணையில் இந்தச் சொற்களையே இட்டு வைக்கிறேன்.