மறுமொழி: டான்சிலுக்கு 'அடிநாச்சதை' போதுமா?

> டான்சிலைட்டிஸுக்கு 'அடிநாச்சதை அழற்சி' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, அப்புறம் எதற்குப் புதிதாக ஒன்று?

டான்சிலுக்கு 'நிணமுகை' என்று புதுச் சொல் ஒன்றை நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்வி இது. நியாயமான கேள்விதான். டான்சிலைட்டிஸ், அதாவது டான்சில் வீங்கிச் சிவந்து வலிப்பது பற்றிப் பெற்றோருக்கான ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழாக்க உட்காரும்வரை எனக்கும் அந்தச் சொல்லில் குறை தெரியவில்லை. அழற்சி இருக்கட்டும், அதில் வம்பில்லை. சிக்கல் மற்ற இரண்டிலும்.

முதலில் அடிநா. பிள்ளையை 'ஆ' காட்டச் சொல்லி டார்ச் அடித்தால் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒதுங்கி உட்கார்ந்திருப்பவைதான் நாம் சாதாரணமாக டான்சில் என்று சொல்பவை. அவை அடிநாக்கில் இல்லை. அடிநாக்கில் வேறொரு டான்சில் இருக்கிறது, வாயைத் திறந்தால் தெரியாது. மூக்குக்குப் பின்னால் இன்னொன்று, அதுதான் அடினாய்டு. காதுக்குழல் வாயருகே இரண்டு. எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையம், வால்டையர் வளையம் என்பார்கள். பக்கத்தில் இருப்பவற்றுக்கு அடிநா என்ற பேரைக் கொடுத்துவிட்டால் உண்மையிலேயே அடிநாவில் இருப்பதற்கு என்ன பேர் வைப்பது?

இரண்டாவது, சதை. எனக்கு இதுதான் பெரிய குறை. "தொண்டையில சதை வளர்ந்திருக்கு" என்று கேட்டதும் வேண்டாத ஒன்று முளைத்துவிட்டது, வெட்டினால்தான் சரியாகும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. என் பெண்ணுக்கு ஆறு வயதில் வந்தபோது வீட்டில் நடந்தது இதுவேதான். அம்மா அதை உள்நாக்கு இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி உப்பும் புளியும் விரலில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் (பாவம் பிள்ளை). நான் ஸ்பூன் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தேன்: இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று வீங்கி, மேலே வெடித்த பருத்திக்காயில் பஞ்சு தெரிவது மாதிரி வெள்ளை வெள்ளையாக. ஆயுர்வேதத்தில் இதைத் துண்டிகேரி என்று சொல்லிப் பருத்திக்காயை உவமை காட்டுவார்கள் என்று பின்னால் படித்தபோது, பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

உண்மையில் அது வேண்டாத சதை இல்லை. உள்ளே வரும் கிருமியை முதலில் பிடித்துப் பார்க்கும் நிணநீர்த் திசு. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிதாக இருப்பதே இயல்பு, பருவ வயதுக்குப் பின் தானாகச் சிறுத்துவிடும். 'சுரப்பி' என்று சிலர் எழுதுவதும் சரியில்லை, நிணநீர்த் திசுவைச் சுரப்பியோடு சேர்க்க முடியாது.

அதனால் என் முன்மொழிவு: நிணமுகை. பக்கத்தில் இருப்பவை அண்ண நிணமுகை, நாக்கடியில் இருப்பது நாவடி நிணமுகை. நோய் நிணமுகை அழற்சி, அறுவை நிணமுகை நீக்கம்.

> முகை என்றால் மொட்டு. மலரப்போகிறதா?

நாக்கில் இருக்கும் சுவையரும்பு மலர்ந்ததா? அதை நாம் ஏற்றுக்கொள்ளவில்லையா? 'நிணம் என்றால் கொழுப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பழைய இலக்கியத்தில் அப்படித்தான், ஆனால் நிணநீர் பாடப்புத்தகம்வரை போய்விட்டது, இனி அதைத் திருப்பி அழைக்க முடியாது.

சொல் எதுவானாலும் துண்டறிக்கையில் அழுத்திச் சொல்ல வேண்டியவை சில உண்டு. பெரும்பாலும் இது வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, நீராகாரமும் வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தும் போதும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் என்று மருத்துவர் முடிவு செய்து பெனிசிலினோ அமாக்சிசிலினோ 10 நாளுக்கு எழுதிக்கொடுத்தால், மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடுகிறது என்று நிறுத்தக் கூடாது, பின்னால் முடக்குக் காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) வந்து இதய வால்வைக் கெடுப்பதைத் தடுக்கத்தான் அந்த 10 நாள். வாயைத் திறக்க முடியாமல், எச்சில் ஒழுகி, குரல் அமுங்கி, ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தால் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம், மூச்சு விடவே திணறினால் இன்னும் மோசம், இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அறுவைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு: ஓராண்டில் 7 முறை, அல்லது இரண்டு ஆண்டு தொடர்ந்து ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டு ஆண்டுக்கு 3 முறை. தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் அது வேறு கணக்கு. "சதை" என்று எழுதிவிட்டு இதையெல்லாம் படிக்கச் சொன்னால், "வளர்ந்த சதையை வெட்ட எதற்குக் கணக்கு" என்றுதான் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். தலைப்பில் டான்சில் என்றே இருக்கட்டும், கிராமத்துப் பாட்டி வரை தெரிந்த சொல் அது. உள்ளே முதல் வரியில் நிணமுகையை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்.

அடினாய்டுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. 'மூக்குப்பின் நிணமுகை' எனக்கே பிடிக்கவில்லை, வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. நல்லதாக ஒன்று தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.