ஸ்குரூ தலையில் புள்ளி இருந்தால்தான் ஜே.ஐ.எஸ்.ஸா? யார் சொன்னது?

மரைகழன்றவன்:
ரெண்டுசிலிண்டர் நேற்று எழுதியதைப் படித்த கடுப்பில் இதைத் தொடங்குகிறேன். பழைய ஜப்பான் பைக்கில், ஸ்குரூ தலையில் புள்ளி இருந்தால், டிரைவர் நுழையும் கூட்டல்குறிப் பள்ளம் ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தரநிலை) வெட்டாம், இல்லாவிட்டால் சாதா பிலிப்ஸ் வெட்டாம். தப்பு. அந்தப் புள்ளி வெட்டைப் பற்றியதே இல்லை, மரையைப் பற்றியது. 1960-களின் பிற்பகுதியில் பழைய ஜே.ஐ.எஸ். மரையிலிருந்து சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. மரைக்கு மாறியபோது, இரண்டும் கலந்துவிடாமல் இருக்கப் புது ஸ்குரூவில் வைத்த அடையாளம் அது. 5 மி.மீ. ஸ்குரூவுக்குப் பழைய பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 0.9 மி.மீ., புதியது 0.8. 4 மி.மீ.க்கு 0.75, 0.7. 3 மி.மீ.க்கு 0.6, 0.5.

ரெண்டுசிலிண்டர்:
வந்துட்டார்யா வாத்தியார். என் சிபி350-இல் புள்ளி வைத்த ஸ்குரூ எல்லாவற்றிலும் ஜே.ஐ.எஸ். டிரைவர்தான் ஆடாமல் உட்காருகிறது. பிலிப்ஸ் வழுக்கி வெளியே வருகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

மரைகழன்றவன்:
புள்ளி இல்லாத பழைய ஸ்குரூவிலும் அதே டிரைவர்தான் உட்காரும். போட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

புதுச்சோக்கு:
அண்ணா, சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். 10 மி.மீ. போல்ட் ஒன்று தொலைந்துவிட்டது. பழையதன் தலைக்கு 14 ஸ்பானர். கடையில் 17 தலைதான் இருக்கிறது. போடலாமா?

கருப்புக்கிரீஸ்:
தலையை விடுங்கள் தம்பி, பிட்ச் பாருங்கள். இந்த பைக்குகளில் 10-க்குப் பெரும்பாலும் 1.25 வரும். சாதாரணக் கடையில் 1.5 தான் எடுத்துத் தருவார்கள். ஹோண்டா என்றால் பார்ட் நம்பரிலேயே அளவு இருக்கும். 95701-06020 என்றால் 6 மி.மீ. தடிமன், 20 நீளம்.

பளபளா:
எதற்கு இந்தத் தலைவலி? எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஆலன் (அறுகோணக் குழி வைத்த) போல்ட் செட் வாங்கி மாட்டுங்கள். புள்ளியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

மரைகழன்றவன்:
ஆமாம், மாட்டுங்கள். ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 தர ஸ்டீல் போல்ட்டுக்கு 800. அதையும் பிரேக் காலிப்பரில் போட்டுப் பளபளவென்று படம் போடுவீர்கள். அலுமினியத்துக்குள் ஆன்டிசீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடவும் பசை) தடவாமல் ஏற்றிவிட்டு, பிறகு கழற்ற வரவில்லை என்று இங்கேயே வந்து அழுவீர்கள்.

பளபளா:
நான் காலிப்பர் என்று எங்கே எழுதினேன்? போன தடவை கார்புரேட்டர் ஜெட் அளவு விஷயத்திலும் இப்படித்தான், நான் சொல்லாததற்கு எனக்கே பதில் சொன்னீர்கள்.

மரைகழன்றவன்:
ஜெட்டை இங்கே இழுக்க வேண்டாம். பேச்சு புள்ளியைப் பற்றி. 0.9 மரைக்குள் 0.8 ஸ்குரூவை விட்டுப் பாருங்கள். முதலில் விரலாலேயே ஓடும். அப்புறம் இறுகும். "கொஞ்சம் துரு போலிருக்கு" என்று டிரைவரை வைத்து அழுத்தினால், அலுமினியம் வெள்ளைச் சுருளாக வெளியே வரும். புள்ளியின் அர்த்தம் தெரியாதவர் பேச்சைக் கேட்டால் கேஸிங்குக்கு ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் செருகும் கம்பிச்சுருள்) தான் கதி.

ரெண்டுசிலிண்டர்:
என் பைக்கில் ஒரு ஹெலிகாயில் கிடையாது. உங்களுடையதில்?

மரைகழன்றவன்:
அது முந்தைய ஓனர் செய்த வேலை.

ரெண்டுசிலிண்டர்:
எப்போதும் முந்தைய ஓனர்தான்! சரி, புள்ளி உள்ள ஸ்குரூவில் பிலிப்ஸ் ஒழுங்காக உட்காருகிற படம் ஒன்று போடுங்கள். ஒத்துக்கொள்கிறேன்.

மரைகழன்றவன்:
பிலிப்ஸ் உட்காரும் என்று நான் எந்த வரியில் சொன்னேன்? மறுபடியும் முதலிலிருந்து படியுங்கள். புள்ளி மரைக்கு. மரைக்கு.

புதுச்சோக்கு:
அண்ணா, கடைக்காரர் 1.25 என்று சொல்லித்தான் தந்தார். பாதிக்கு மேல் போகவில்லை. ஆனால் தலையில் புள்ளி எதுவும் இல்லை, பரவாயில்லையா?

ரெண்டுசிலிண்டர்:
வாத்தியாரையே கேளுங்கள்.