செயற்கை முழங்கால் மூட்டு: '50 லட்சம் சுழற்சி சோதனை' என்றால் எத்தனை வருஷம்?

தாமிரபரணி:
அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கொடுத்த விளக்கத் தாளில் 'ஐஎஸ்ஓ 14243 முறைப்படி 50 லட்சம் சுழற்சி சோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. இதை எத்தனை வருஷம் என்று எடுத்துக்கொள்வது? அம்மா தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார், அதெல்லாம் இதில் அடக்கமா?

தேய்மானம்:
ஐஎஸ்ஓ 14243 என்பது செயற்கை முழங்காலை இயந்திரத்தில் நடக்கவிட்டுத் தேய்மானம் பார்க்கிற சர்வதேசத் தர முறை. ஒரு சுழற்சி என்பது அந்தக் காலால் ஒரு எட்டு வைப்பது. வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் எட்டு என்று இந்தத் துறையில் வைத்துக்கொள்வார்கள், அப்படிப் பார்த்தால் 5 வருஷ நடை. அதற்காக மூட்டு 5 வருஷம்தான் வரும் என்று பயந்துவிடாதீர்கள், இது உடைகிறவரை ஓட்டிப் பார்க்கிற சோதனை இல்லை, எவ்வளவு தேய்கிறது என்று அளப்பது. நொடிக்கு ஒரு எட்டு வீதம் ராப்பகலாக ஓடினாலே 58 நாள் ஆகும், நடுவில் நிறுத்தி நிறுத்தி எடை வேறு பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் தேய்வது உலோகம் இல்லை, நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் தட்டு. அதைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து நிறுத்தால் மில்லிகிராம் கணக்கில்தான் குறைந்திருக்கும். வம்பு என்னவென்றால் அந்தப் பிளாஸ்டிக், சோதனையில் மூட்டைச் சுற்றி ஊற்றியிருக்கும் திரவத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், தேய்ந்த தட்டு எடை கூடிப்போய் நிற்கும்! அதனால் இன்னொரு தட்டை அசைக்காமல் அதே திரவத்தில் ஊறப்போட்டு, அதில் ஏறிய எடையைக் கணக்கில் சரிக்கட்டுவார்கள்.

ரவை_உப்புமா:
அந்தத் திரவம் கன்றுக்குட்டி ரத்தத்தின் சீரமாமே, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்? தண்ணீர் ஊற்றினால் ஆகாதா?

தேய்மானம்:
ஆகாது. தண்ணீரில் ஓட்டினால் பிளாஸ்டிக் போய் உலோகத்தில் படலமாக ஒட்டிக்கொள்ளும், உடம்புக்குள் அப்படி நடப்பதில்லை. மூட்டு நீரில் புரதம் உண்டு, அதனால்தான் சீரம், லிட்டருக்கு 20 கிராம் புரதம் இருக்கும்படி நீர்த்து, 37 டிகிரியில். அந்தச் சூட்டில் கெடாமல் இருக்க மருந்து போட்டும் 5 லட்சம் சுழற்சிக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

வடக்குவீதி:
தரையில் உட்காருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த முறையில் இருப்பது சமதள நடை மட்டும், முழங்கால் 58 டிகிரி வரைதான் மடங்கும். மாடிப்படி, சம்மணம், குத்துக்கால் எதுவும் அதில் கிடையாது. இன்னொன்று, புதுத் தட்டை வைத்துச் சோதித்தால் பழசானால் என்ன ஆகும் என்பது தெரியாது. முன்பு காற்றுப் பட காமா கதிரில் கிருமி நீக்கிய தட்டுகள் நாளடைவில் ஆக்சிஜன் ஏறி, உள்ளே போனபின் ஏடு ஏடாக உரிந்தன. அதனால் சுழற்சி எண்ணிக்கையை விடுங்கள், தட்டு எந்த வகை, எப்படிக் கிருமி நீக்கியது, எவ்வளவு மடக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தாமிரபரணி:
சரி, இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். அரிவாள்மணையை மேடைக்கு ஏற்றுவதற்குத்தான் அம்மா சம்மதிக்க வேண்டும்.